சாலையின் அமைதியும் நமது கடமையும்

மனிதர் விரும்பித் தேடும் இன்பங்களுள் அமைதியும் ஒன்று. நகரத்தின் இரைச்சலில் ஆறு நாள் உழைப்பவன் ஏழாம் நாள் நாட்டுப்புறத்தை நாடுகிறான். அவ்வாறு நாடுவோருள் சைக்கிளில் செல்வோர் ஒரு தனி வகுப்பினர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈப்போவிலிருந்து தெற்கே செல்லும் சாலைகளில் அவர்களை இருவர் மூவராகக் காணலாம். அவர்கள் பந்தயத்துக்குச் செல்வோர் அல்லர். வேலைக்குச் செல்வோரும் அல்லர். மலையும் நீரும் மரமும் பழங்கட்டடமும் உள்ள வழியாக, மோட்டார் வண்டிகளின் தொல்லை குறைந்த சாலையாகப் பார்த்துச் சென்று, வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிறார்கள். இது நல்ல பழக்கம். உடலுக்கு நன்மை, பணச் செலவும் சொற்பம். குடிக்கும் சூதுக்கும் செலவாகும் பொழுது இதற்குச் செலவாவது சமூகத்துக்கும் நன்மையே.

ஆயினும், இவ்வின்பத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. அச்சாலைகளில் நிலவும் அமைதி எங்கிருந்து வந்தது? அதை அனுபவிப்பவன் அதன் காரணத்தை அறியவும் கடமைப்பட்டவனா? இக்கேள்விகள் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு இவற்றை ஆராய்வது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலில் சைக்கிளின் சிறப்பைச் சிறிது கூறுவோம். மோட்டாரில் செல்பவன் ஊர்களைத் தாண்டுகிறான், ஊர்களைக் காண்பதில்லை. நடந்து செல்பவன் யாவற்றையும் காண்கிறான். ஆனால் ஒரு நாளில் அவன் சென்று திரும்பக்கூடிய தூரம் சொற்பம். சைக்கிளில் செல்பவனுக்கோ இரண்டின் நன்மையும் கிடைக்கின்றது. மேலும் அவன் ஏற்றத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. தன் மூச்சாலும் முழங்காலாலும் அறிகிறான். சாலை எங்கே மலையைச் சுற்றிச் செல்கிறது, எங்கே மண்ணை வெட்டி மட்டமாக்கியிருக்கிறார்கள், எங்கே பள்ளத்தைத் தூர்த்திருக்கிறார்கள் என்பவையெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுகின்றன. எனவே, சாலை என்பது தானாக விளைந்த பொருள் அன்று, யாரோ மண்வெட்டி பிடித்து உண்டாக்கிய பொருள் என்ற நினைவு அவனுக்கு எளிதில் வரவேண்டும். அந்நினைவு வந்தும் மேலே விசாரியாமல் போய்விடுவது தகுமா என்பதே நமது கேள்வி.

உதாரணமாக, பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையிலுள்ள சாலையை எடுத்துக்கொள்வோம். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகள் தூரத்தில் செங்குத்தாக நிற்கின்றன. காலைப் பனி அவற்றின் இடையைச் சுற்றிக் கிடக்கும். அவ்வட்டாரம் எங்கும் நீலநிற ஏரிகள் காணப்படுகின்றன. புதிதாக வருபவர் அவற்றை இயற்கையின் கொடை என்று எண்ணி வியப்பர். உண்மையில் அவற்றுள் மிகப்பல ஈயம் தோண்டி எடுத்த குழிகளில் மழைநீர் தேங்கியதால் உண்டானவை. உலகின் செல்வம் மிக்க ஈய நிலங்களுள் ஒன்றாக ஒரு காலத்தில் விளங்கிய இப்பள்ளத்தாக்கில், 1985-ஆம் ஆண்டில் ஈயத்தின் விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1938-இல் கட்டப்பட்ட ஈயம் அள்ளும் பெருங்கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங் அருகில் இன்று காட்சிப் பொருளாக மிதந்து நிற்கின்றது. ஆழம் தெரியாத அந்த ஏரிகளின் அழகுக்கு அடியில் கிடப்பது சீனத் தொழிலாளரின் உழைப்பு.

அதே சாலையோரத்தில், ராயா ஆற்றின் அருகே ஒரு மேட்டின்மீது நிற்கிறது கெல்லி மாளிகை. ஸ்காத்துலாந்திலிருந்து இளைஞராக வந்து, இங்குக் காட்டை வெட்டி ரப்பர்த் தோட்டம் அமைத்துச் செல்வரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் 1915-ஆம் ஆண்டில் அதைக் கட்டத் தொடங்கினார். அதற்காகச் சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கட்டட வேலைக்காரர்களை வரவழைத்தார் என்று கூறுவர். கோபுரத்தில் மின்சார ஏணிக்கு இடம் விட்டார். 1926-இல் ஐரோப்பா சென்றவர் லிஸ்பன் நகரில் நிமோனியா நோயால் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. இன்று அதைக் காண ஆண்டு முழுவதும் மக்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஆவி உலாவுகிறது என்று கதை பேசி மகிழ்கிறார்கள். உலாவும் ஆவி துரையினுடையதாகவே எப்பொழுதும் சொல்லப்படுகிறது. இறந்தபின் உலாவும் உரிமைகூடக் கொத்தனாருக்குக் கிடைக்கவில்லை போலும்!

மாளிகைக்குச் சற்றுத் தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் உள்ளது. முதல் உலக யுத்தத்தின் முடிவில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் அக்கட்டட வேலைக்காரருள் பலரைக் கொண்டுசென்றது என்றும், அம்மனுக்குக் கோயில் எடுக்கவேண்டும் என்று அவர்கள் கேட்க, துரையும் இசைந்து உதவினார் என்றும் அவ்வட்டாரத்தில் வழங்கும் செய்தி. நன்றியறிதலாக அவர்கள் துரையின் உருவத்தையும் செய்து, கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு சேர்த்து வைத்தார்கள். கால்சட்டையும் மேற்சட்டையும் அணிந்த அவ்வுருவத்தை இன்றும் காணலாம்.

நேயர்கள் இதைச் சிறிது நின்று சிந்திக்கவேண்டும். அக்கைவினைஞர்கள் நன்றி மறவாதவர்கள். தங்களுக்கு உதவியவரை வானத்தில் வைத்தார்கள். ஆனால் தங்களுள் ஒருவனது உருவத்தையும் அங்கே வைக்கவில்லை. காய்ச்சலில் இறந்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி மாளிகையிலும் எவரும் நாட்டவில்லை. சிற்றுளி பிடிக்கத் தெரிந்த கைகள் அவர்களுடையவை. ஆயினும் தம் பெயர் கல்லில் இருக்கத் தக்கது என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதனைத் தாழ்த்துவதில் இது கடைசிப் படி என்று நாம் எண்ணுகிறோம். பிறர் அவனை மறப்பது முதற்படி. தான் நினைக்கப்படத் தக்கவன் அல்லன் என்று அவனே நம்பிவிடுவது கடைசிப் படி.

இனிச் சாலையின் அமைதிக்கு வருவோம். இன்று செம்பனை மரங்கள் இருபுறமும் நிழல் செய்ய, பறவையின் குரலும் சைக்கிள் சங்கிலியின் ஓசையும் தவிர வேறொன்றும் கேளாத இத்தகைய சாலைகள், நம் பாட்டனார் காலத்தில் இப்படி இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். லயங்களில் விளக்குகள் எரியும். தாய்மார் உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடுவர். பால்வாளியும் உளியும் எடுத்து நிரை நிரையாகச் சனங்கள் மரத்தடிக்குப் போவர். மாலையில் பிள்ளைகளின் கூச்சல், கோயில் மணி, கள்ளுக்கடைச் சச்சரவு, சனிக்கிழமைகளில் தப்பொலி. நல்லதும் தீயதுமாக அது மனிதர் வாழ்ந்த சத்தம்.

அச்சத்தம் தானாக ஓயவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1942-லும் 1943-லும், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர்; போனவருள் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. யுத்தத்துக்குப் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட, வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அத்துன்பத்துக்குப் பரிகாரமாகவே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறுபணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முயன்றார். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குத் தேவையான ஆட்கள் குறைவு. நகரங்கள் பெருகி நிலத்தின் விலை ஏறியபோது எஞ்சிய தோட்டங்கள் பலவும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போயின. சனங்கள் ஈப்போவின் புறநகருக்கும், அதனினும் தொலைவான கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்தனர். ஆக, நாம் நாடிச்சென்று மூச்சு வாங்கும் அமைதி, வனத்தின் அமைதி அன்று. குடியிருந்தவர் போனபின் எஞ்சிய அமைதி.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணவேண்டாம். அமைதியான மலைச்சாலையில் சைக்கிளில் செல்வதற்கு உலகத்தார் புகழ்ந்து கூறும் தேசம் பிரான்சு. அங்கே நடுப்பகுதியிலுள்ள மலைநாட்டில், பழங்கோயில்களும் கல்வீடுகளும் உள்ள சிற்றூர்களிடையே மணிக்கணக்காகச் சென்றாலும் எதிரே ஒரு வண்டி வருவது அரிது. அவ்வமைதிக்கும் காரணம் உண்டு. அப்பகுதியைச் சேர்ந்த க்ரூஸ் என்னும் மாவட்டம் வறிய மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர்களின் ஆண்மக்கள் ஆண்டுதோறும் கால்நடையாகப் பாரிசு நகருக்குச் சென்று கொத்தனார் வேலை செய்து, பனிக்காலத்தில் திரும்பிவந்தனர். நாளடைவில் பலர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டனர். பாரிசின் மாளிகைகள் உயர்ந்தன; க்ரூஸின் ஊர்கள் காலியாயின. பின்னர் 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தம் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரரைப் பலிகொண்டது. அவர்களுள் மிகப்பலர் நாட்டுப்புறத்துக் குடியானவர் மக்கள்.

ஆனால் இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்கவேண்டும். அந்நாட்டில் ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும், எத்தனை சிறிய ஊராயினும், ஒரு நினைவுக் கல் உண்டு. மாண்டவர் பெயர் ஒவ்வொன்றும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. க்ரூஸ் மாவட்டத்தில் ஜான்தியூ என்னும் சிற்றூரில் அக்கல்லின் அருகே தகப்பனை இழந்த ஒரு சிறுவனின் உருவம், யுத்தத்தைச் சபித்து முட்டியை உயர்த்தி நிற்கின்றது. சைக்கிளில் செல்பவன் தண்ணீர் குடிக்க நிற்கும் இடத்திலேயே அப்பெயர்கள் அவன் கண்ணில் படும். கொத்தனார்களும் பெயரின்றிப் போகவில்லை. அவர்களுள் ஒருவரான மார்த்தேன் நதோ என்பவர், எழுத்தறிவு பெற்று, நாட்டின் சட்டசபையில் அங்கத்தினராகித் தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதிவைத்தார். கல் சுமந்தவனே எழுதிய சரித்திரம் அது. கெல்லி மாளிகையின் எழுபது பேருள் ஒருவர் அவ்வாறு எழுதியிருந்தால் நமக்கு எத்தகைய செல்வம் கிடைத்திருக்கும்!

பிரான்சுக்கும் பேராக்குக்கும் வேறோர் உறவும் உண்டு. அது சக்கரத்தில் இருக்கிறது. அந்நடு மலைநாட்டின் கிளெர்மோன் பெரான் நகரத்தில்தான் மிஷ்லேன் சகோதரர்கள் தங்கள் டயர்த் தொழிலை வளர்த்தார்கள். 1891-இல் பாரிசிலிருந்து பிரெஸ்டு வரை சென்று திரும்பிய பெரும் சைக்கிள் பந்தயத்தில் வென்றவர் ஓட்டியது, அவர்களது காற்றடைத்த டயர் பூட்டிய வண்டி. டயர் பெருகவே ரப்பர் வேண்டியதாயிற்று. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் தொடங்கிய பால்மரம், சில பத்தாண்டுகளில் இந்நாட்டை மூடிற்று. அம்மரங்களுக்காகவே நம் முன்னோர் கப்பலேற்றப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் பிடிப்பது 1910-இல் நின்றது. கங்காணி முறை 1938-இல் இந்திய அரசாங்கத்தின் தடையுடன் முடிந்தது. இதற்கிடையில் மிஷ்லேன் கம்பெனியார் 1925 முதல் இந்தோசீனாவிலும் ரப்பர்த் தோட்டம் போட்டனர். அங்கே வடக்கு வியத்நாமிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பட்ட பாடு தனிச் சரித்திரம். ஆகவே, பிரெஞ்சு நாட்டின் அமைதியான சாலையில் சத்தமின்றி உருண்ட அந்தச் சக்கரத்திலும், எங்கோ ஒரு லயத்தில் விடியுமுன் எழுந்த ஒருத்தியின் உறக்கம் சேர்ந்திருந்தது.

இவ்வளவும் கேட்ட ஒருவர், “ஐயா, களைப்பாறப் போகிறவனிடம் இந்தக் கதையெல்லாம் எதற்கு? அழகைக் கண்டு மகிழ்வதும் குற்றமா?” என்று கேட்கலாம். அழகைக் காண்பது குற்றமென்று நாம் கூறவில்லை. காலைப் பனியில் மலையைப் பார்த்து உள்ளம் குளிராதவன் பரிதாபத்துக்குரியவன். ஆனால் காரணம் அறிந்தால் இன்பம் கெட்டுவிடும் என்பது தவறான எண்ணம். விருந்துண்பவன் சமைத்தவளின் பெயரைக் கேட்பதனால் சோறு கசப்பதில்லை. கேளாமல் உண்பவனைக் காட்டிலும் கேட்டு உண்பவனே விருந்தாளி என்ற சொல்லுக்கு உரியவன்.

வேறொருவர், “அவர்கள் வேலை செய்தார்கள், கூலி பெற்றார்கள். கணக்குத் தீர்ந்தது” என்பார். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதுவதே நமது தொழிலாதலால் இவ்வாதத்தின் பலத்தை நாம் அறிவோம். செக்ரோல் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வேலை நாளும் கூலியும் பிடித்தமும் எழுதி, மாதக் கடைசியில் கோடு கிழித்தால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அப்புத்தகம் தீர்ப்பது மாதத்தின் கணக்கை மட்டுமே. மலேரியாவில் இறந்த குழந்தைக்கு அதில் இடமில்லை. சயாமுக்குப் போனவனின் வரிசை வெறுமையாக நிற்கும், காரணம் இராது. பண்டத்துக்கு விலை கொடுத்துவிடலாம். ஒருவன் தன் ஆயுளைச் செலவிட்டு ஒரு நாட்டை வாழத் தக்கதாக்கினால், அதற்குரிய ஈட்டில் ஒரு பங்கு பணத்தால் அடையாது. அது நினைவால் மட்டுமே அடையும். சாலை நமக்குப் பயன்படும் வரையில் அக்கடனும் நம்மீது இருக்கும்.

அப்படியானால் துரையின் மாளிகையை வெறுக்கவேண்டுமோ? வேண்டுவதில்லை. கெல்லி ஸ்மித்தும் தாய்நாட்டை விட்டு வந்து, கட்டிய வீட்டில் குடியேறாமலே இறந்த மனிதர். அவரது நினைவைக் குறைத்து நம்மவர் நினைவை உயர்த்த முடியாது. பத்து காஜாவில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தை அடுத்து ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் உயிரிழந்த தோட்டத்துரைகள், போலீசார், போர்வீரர் முதலியோர் அங்கே கிடத்தப்பட்டிருக்கின்றனர். அவர்களுக்கு உரியவர்கள் ஜூன் மாதத்தில் கூடி அஞ்சலி செய்வதை வழக்கமாகக் கொண்டனர். இதைக் கண்டு பொறாமைப்படுவதில் பயனில்லை; பாடம் கற்பதே அறிவுடைமை. தம்மவரை அவர்கள் மறக்கவில்லை. நம்மவரை நினைப்பதற்குத் தடையாக நின்றவர் யார்?

இக்கேள்விக்கு விடை கூறும்போது நம் சமூகத்தின் குறையையும் சொல்லியாகவேண்டும். நாம் கல்லில் பெயர் வெட்டத் தெரியாதவர்கள் அல்லோம். எந்தக் கோயிலுக்குச் சென்றாலும் வாசலில் பளிங்குப் பலகை உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், குடமுழுக்குக்கு வந்த பிரமுகர், இத்தனை வெள்ளி நன்கொடை தந்தவர் என்று வரிசை வரிசையாகப் பெயர்கள். அக்கோயிலை முதன்முதல் மரத்தடியில் ஒரு கல் நட்டுத் தொடங்கிய பால்வெட்டுத் தொழிலாளியின் பெயர் அதில் இராது. பணம் கொடுத்தவன் பெயர் நிற்க, உழைப்புக் கொடுத்தவன் பெயர் அழிவது துரைமார் கற்றுக்கொடுத்த வழக்கம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. அவ்வழக்கத்தை நாமும் விரும்பியே போற்றுகிறோம். ஆங்கிலம் கற்ற நம்மில் பலருக்கு ஐரோப்பியக் கோட்டைகளின் சரித்திரம் தெரியும். தம் பாட்டி எந்தத் தோட்டத்தில், எத்தனையாவது நிரையில் மரம் வெட்டினாள் என்பது தெரியாது. கூலிக்காரி பேரன் என்று சொல்ல வெட்கப்படுவோர் இன்னும் உளர். வெட்கப்பட வேண்டியது அவளது தொழிலுக்கா, நமது மறதிக்கா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

செய்யத் தக்கது என்ன? அது பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. பெயர்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பழைய செக்ரோல் புத்தகங்கள் சில இடங்களில் இன்னும் கறையானுக்குத் தப்பிக் கிடக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரும் தொழிலும் உண்டு. கோயில் வரவு செலவுக் குறிப்புகளில் தலைக்கட்டு வரி கொடுத்தவர் வரிசை உண்டு. செம்பனைக்கு நடுவே புல் மூடிய இடுகாடுகளில் சில சிமெண்டுப் பலகைகளின் எழுத்தை இன்றும் தடவிப் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்பது வயதைக் கடந்த முதியோர் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு லயத்தின் ஒவ்வொரு கதவும், அக்கதவுக்குள் இருந்தவர் பெயரும் நினைவிருக்கும். புத்தகத்தைக் கறையான் தின்பதற்குப் பத்தாண்டு ஆகலாம். முதியோரின் நினைவு அத்தனை நாள் காத்திராது.

ஆதலின் சைக்கிளில் செல்லும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே. செல்லுங்கள், தடையில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாளிகையின் வாசலில் நில்லாமல், அதற்கு அப்பால் உள்ள மண்சாலையில் திரும்புங்கள். பழைய தோட்டத்துக் கோயில் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ வணங்கி, “இங்கே எத்தனை லயம் இருந்தது? யார் யார் இருந்தார்கள்?” என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். சாதிப் பெயரை விட்டு, ஆளின் பெயரை எழுதுங்கள். பெண்களின் பெயரைத் தனியே கேட்டு வாங்குங்கள். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதன்பின் வீடு திரும்பி, அந்தப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளியிலோ வாசகசாலையிலோ பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஓர் ஊருக்கு ஐம்பது பெயர் கிடைத்தாலும் போதும். பளிங்கு பிறகு வரட்டும். முதலில் காகிதம் போதுமானது.

அவ்வாறு செய்பவனுக்குச் சாலையின் அமைதி குறைந்துவிடாது. மலை அதே மலையாகத்தான் நிற்கும். பனியும் முன்போலவே இறங்கும். ஆனால் அவன் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, அம்மண்ணை முதலில் வெட்டியவன் யார் என்று கேட்டால் சொல்வதற்கு அவனிடம் ஒரு பெயர் இருக்கும். பெயர் அறிந்தவன் அச்சாலைக்கு அந்நியன் அல்லன்.